முயலுக்கு முடி கொட்டும் காலம்: உதிர்ந்த முடி எங்கே போகிறது?

முயல் வளர்க்கும் வீடுகளில் ஒரு நாள் இது நடக்கும். நேற்றுவரை வழவழவென்று இருந்த உடம்பில், இன்று கை வைத்த இடமெல்லாம் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். கூண்டுக் கம்பி, கால்மிதி, தண்ணீர்க் கிண்ணம், துவைத்து மடித்த துணி என்று எங்கும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். உடனே ஆளுக்கொரு யோசனை வரும். சத்துக் குறைவு என்பார் ஒருவர். வெயில் சூடு, குளிப்பாட்டு என்பார் இன்னொருவர். அன்னாசிச் சாறு கொடுத்தால் வயிற்றில் சேர்ந்த முடி கரைந்துவிடும் என்பார் மூன்றாமவர். இவற்றில் பயனுள்ளது ஒன்றுமில்லை. குளிப்பாட்டுவது உயிருக்கே ஆபத்து.

ஆரோக்கியமான முயலுக்கும் முடி கொட்டத்தான் செய்யும். எவ்வளவு கொட்டுகிறது என்பதைவிட, கொட்டிய முடி எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். அதற்கு மூன்றே வழிகள்: உங்கள் சீப்புக்கு வரலாம், தரையில் விழலாம், அல்லது முயலின் வயிற்றுக்குள் போகலாம். முதலாவதைக் கூட்டி மூன்றாவதைக் குறைப்பது பராமரிப்பின் ஒரு பாதி. வயிற்றுக்குள் போனது தங்காமல் வெளியேறும்படி குடலை ஓட்டத்தில் வைத்திருப்பது மறுபாதி.

ஏன் ஒரேயடியாகக் கொட்டுகிறது?

நம் தலையிலும் தினமும் முடி உதிர்கிறது, 50 முதல் 100 வரை. ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு காலக்கணக்கு வைத்திருப்பதால் தலை காலியாவதில்லை. மயிர்க்கால் என்பது தோலுக்குள் முடி முளைக்கும் சிறு குழி. அது சில காலம் முடியை வளர்க்கும், பிறகு ஓய்வெடுக்கும், அடுத்த முடி முளைக்கும்போது பழையதைத் தள்ளிவிடும்.

முயலுக்கும் இதே சுழற்சிதான். ஆனால் அதன் உடம்பில் பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் ஒன்றாக வேலை செய்து ஒன்றாக ஓய்வெடுக்கின்றன. அதனால் ஒரு பகுதியின் முடி முழுக்க ஒரே சமயத்தில் தளர்ந்து விழும். போதாததற்கு முயலுக்கு இரண்டு அடுக்கு முடி. வெளியே தெரிவது மேல்முடி; நீளமானது, சற்று விறைப்பானது, நிறத்தைத் தருவது. அதற்குக் கீழே நெருக்கமாக, பஞ்சு போல இருப்பது அடிமுடி. உடல் சூட்டைப் பிடித்து வைப்பது அதுதான். கொட்டும் காலத்தில் வீடெல்லாம் பறப்பதும் பெரும்பாலும் அடிமுடிதான்.

எப்போது கொட்டவேண்டும் என்று உடம்புக்குச் சொல்வது முக்கியமாகப் பகல் வெளிச்சத்தின் நீளம். இருட்டில் மூளையில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன், இரவு நீண்டால் அதிக நேரம் சுரக்கும், குறுகினால் குறைந்த நேரம் சுரக்கும். அதைக் கணக்காகக் கொண்டு உடம்பு கோடைக்கு மெல்லிய போர்வையும் குளிருக்குத் தடித்த போர்வையும் தயார் செய்கிறது. பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பெரிதாகவும், இடையில் இரண்டு முறை லேசாகவும் முடி மாறும். ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் ஆறு வாரம் வரை நீடிக்கும்.

நம் ஊரில் கணக்கு ஏன் தப்புகிறது?

இந்தியாவில் நாம் வளர்க்கும் வீட்டு முயல்கள் எல்லாம் ஐரோப்பிய முயலின் வழிவந்தவை; அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய பகுதி. அங்கிருந்து இன்னும் வடக்கே போகப் போகக் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகும். லண்டனில் கோடையில் பதினாறரை மணி நேரம் பகல், குளிர்காலத்தில் எட்டு மணி நேரம்கூட இல்லை. சென்னையில் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மிகக் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடம் அளவு. கன்னியாகுமரிக்குப் போனால் வித்தியாசம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

அதாவது முயலின் உடம்பு எதிர்பார்க்கும் அறிகுறி இங்கே மங்கலாக வருகிறது. அதன்மேல் இரவு பதினொரு மணி வரை ஹாலில் எரியும் டியூப்லைட், வெயில், ஏசி அறை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே வெளிநாட்டுப் புத்தகத்தில் "வசந்தத்தில் கொட்டும், இலையுதிர் காலத்தில் கொட்டும்" என்று எழுதியிருப்பது நம் வீட்டு முயலுக்குப் பொருந்தாமல் போகலாம். சில முயல்களுக்கு ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். சிலவற்றுக்கு எதிர்பாராத மாதத்தில் அடைமழை மாதிரி கொட்டும். காலண்டரை நம்பாமல், வாரம் ஒருமுறை முதுகு முடியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்வதே சரி.

குட்டிகளுக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. பிறந்தபின் வளர்ந்த பஞ்சுமுடி நான்கைந்து மாத வயதில் உதிரத் தொடங்கும். முதன்முறையாக முயல் வாங்கியவர்கள் அதிகம் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: முடி கொட்டுவது வெளிச்சத்தைப் பார்த்து உடம்பு செய்யும் போர்வை மாற்றம். நம் ஊரில் அது ஒழுங்கான தேதியில் வராது. வந்தால் சில வாரம் இருக்கும்.

சரியான உதிர்வு எப்படி இருக்கும்?

பெரும்பாலும் தலையில் தொடங்கும். பிறகு கழுத்து, முதுகு, விலா, கடைசியில் பிட்டமும் வயிறும். பழைய முடிக்கும் புது முடிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். சில முயல்களில் அது நாளுக்கு நாள் பின்னோக்கி நகர்வதைப் பார்க்கலாம். வேறு சிலவற்றில் கோடு இருக்காது, அங்கங்கே திட்டுத் திட்டாக மாறும். நிறமுள்ள முயல்களில் புது முடி முளைக்கும் இடத்தில் தோல் கருத்துத் தெரிவதும் உண்டு, அது காயமில்லை. மொத்தத்தில் அலங்கோலமாக இருக்கும். ஆனால் இரண்டு விஷயங்கள் மட்டும் மாறாது: முடி விழுந்த இடத்தில் கீழே குட்டை முடி ஏற்கெனவே இருக்கும், தோலில் சிவப்போ, பொருக்கோ, அரிப்போ இருக்காது.

வயிற்றுக்குள் போகும் முடி

முயல் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை உடம்பை நக்குவதில் செலவிடும். நாக்கில் ஒட்டிய முடி தொண்டைக்குள்தான் போகும். பூனைக்கும் அப்படித்தான், ஆனால் பூனை அதை உருண்டையாகக் கக்கிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றின் மேல்வாயில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும்.

இதிலிருந்துதான் "முடி உருண்டை அடைத்து முயல் செத்துவிடும்" என்ற பேச்சு பிறந்தது. இறந்த முயலின் வயிற்றைத் திறந்தால் முடி இருக்கும். ஆகவே முடிதான் கொன்றது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். நல்ல ஆரோக்கியமான முயலின் வயிற்றிலும் முடி இருக்கும் என்பதைக் கவனிக்கவில்லை.

வயல் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் மரம் இருந்தால் சருகு விழுந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர் வேகமாக ஓடுகிறவரை சருகும் சேர்ந்து ஓடிவிடும். நீர் வரத்துக் குறைந்தால் சருகு தங்கும், ஒன்றோடொன்று பின்னும், சேறு பிடிக்கும். பார்க்கிறவர் கண்ணுக்குச் சருகு அடைத்ததாகத் தெரியும். முதலில் நின்றது தண்ணீர்.

முயலின் குடலில் அந்த நீரோட்டத்தின் இடத்தில் இருப்பது நார்ச்சத்து. புல்லில் உள்ள நீளமான, செரிக்காத நார் குடல் சுவரைத் தூண்டி, சுருங்கி விரிய வைக்கிறது. பெருங்குடலில் அந்த நார் பிரிக்கப்பட்டு, உருண்டையான உலர்ந்த புழுக்கையாக வெளியே போகிறது. நுண்ணிய துகள்கள் மட்டும் குருட்டுக்குடலுக்குத் திரும்பும். அது நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைக்கும் பெரிய பை. அங்கே உருவாகும் மென்மையான, பளபளப்பான புழுக்கைக் கொத்தை முயல் ஆசனவாயிலிருந்து நேரடியாகவே எடுத்துத் தின்னும். அருவருப்பாகத் தோன்றினாலும் அதைத் தடுக்கக்கூடாது, அது முயலின் இரண்டாவது சாப்பாடு.

நார் குறைந்தாலோ, தண்ணீர் குறைந்தாலோ, பல்வலி, பயம், வெயில் போன்ற ஏதோ ஒன்றால் முயல் சாப்பாட்டை நிறுத்தினாலோ, குடலின் அசைவு மந்தமாகும். இதற்குக் குடல் தேக்கம் என்று பெயர், மருத்துவர்கள் ஜி.ஐ. ஸ்டேசிஸ் என்பார்கள். வயிற்றில் உள்ள உணவின் ஈரத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ள, முடியும் உணவும் சேர்ந்து காய்ந்து கெட்டியாகும். வாயு சேரும், வலிக்கும், வலியால் இன்னும் சாப்பிடாது. சுழல் இப்படித்தான் இறுகுகிறது.

முடிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது. கொட்டும் காலத்தில் ஒரேயடியாக நிறைய முடியை விழுங்கினால், அது கம்பளி போல இறுகிச் சிறு கட்டியாகி, சிறுகுடலில் நிஜமாகவே அடைத்துக்கொள்வதும் உண்டு. தேக்கத்தைவிட இது அரிது, ஆனால் வேகமானது. சீவுவது அவசியம் என்பதற்குக் காரணம் இதுதான்.

அன்னாசி, பப்பாளி, பூனைப் பசை

அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன, உண்மை. முடியும் புரதம்தான், அதுவும் உண்மை. ஆனால் முடியில் இருப்பது கெரட்டின். கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்ட அந்தப் புரதத்தை இந்த நொதிகளால் கரைக்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு கொத்து முயல் முடியை அன்னாசிச் சாற்றில் போட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். சாற்றால் ஏதாவது பலன் கிடைத்தால் அது அதிலுள்ள தண்ணீரின் பலன். கூடவே போகும் சர்க்கரை குருட்டுக்குடலின் நுண்ணுயிர்களைக் குழப்பும். பப்பாளி மாத்திரை என்று கடைகளில் விற்பவற்றுக்கும் இதே பதில்.

பூனைகளுக்கு விற்கும் முடி உருண்டைப் பசைகளில் பல பெட்ரோலிய மெழுகு அடிப்படையிலானவை. வழுக்கிவிடும் என்று முயலுக்குக் கொடுக்கிறார்கள். குடல் அசைவே குறைந்திருக்கும்போது வழுக்கலால் என்ன செய்ய முடியும்? 

புல்லும் தண்ணீரும்

வளர்ந்த முயலின் சாப்பாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்கவேண்டும். அளவு பார்க்கச் சுலபமான வழி, தினமும் அதன் உடம்பளவுக்கு ஒரு கட்டு. இறக்குமதியாகும் டிமோத்தி ஹே என்ற உலர்புல் நல்லது, விலைதான் கடிக்கும். அதுதான் வேண்டும் என்றில்லை. கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் புல், கினியாப் புல், அருகம்புல் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். கால்நடைப் பண்ணை வைத்திருப்பவர்களிடம் நேப்பியர் கேட்டு வாங்கலாம். தண்டு முற்றாததாக, நீள வாக்கில் பிளந்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். சாலையோரப் புல்லும் மருந்தடித்த வயல் வரப்புப் புல்லும் வேண்டாம். மழைக்காலத்தில் உலர்புல்லை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மக்கிய வாடை வந்தால் தூக்கிப் போடுவதே சிக்கனம்.

வைக்கோல் படுக்கைக்குச் சரி, முதன்மை உணவாக்க அதில் சத்துப் போதாது. குதிரைமசால், வேலிமசால் போன்றவை பயறுவகைத் தீவனங்கள். புரதமும் கால்சியமும் அதிகம். வளரும் குட்டிக்கு நல்லவை, வளர்ந்த முயலுக்கு வாரத்தில் சில கைப்பிடி போதும். பெல்லட் என்ற அழுத்திய குச்சித் தீவனம் கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராம் தாண்டவேண்டாம். முடி முளைக்கப் புரதம் வேண்டுமே என்று கொட்டும் காலத்தில் பெல்லட்டைக் கூட்டுவது பலர் செய்யும் காரியம். வயிறு பெல்லட்டால் நிறைந்தால் புல் தின்பது குறையும். உதவி செய்யப்போய் ஓட்டத்தையே குறைத்துவிடுகிறோம்.

தண்ணீர், கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 150 மில்லி வரை. 2 கிலோ முயலுக்கு 100 முதல் 300 மில்லி. நம் கோடையில் மேல் அளவுதான் கணக்கு. குழாய்ப் புட்டியைவிடக் கனமான மண் கிண்ணத்திலோ பீங்கான் கிண்ணத்திலோ முயல் அதிகமாகக் குடிக்கும். ஆனால் கிண்ணத்தில் முடி மிதக்கும் என்பதால் இந்த வாரங்களில் நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்றவேண்டும். கொத்தமல்லி, புதினா போன்ற கீரையைக் கழுவி ஈரம் சொட்டச் சொட்டக் கொடுத்தால் கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும்.

இத்தனையும் சரியாக நடக்கிறதா என்பதைப் புழுக்கை சொல்லும். நன்றாக இருக்கும் முயல் நாளுக்கு 200, 300 புழுக்கை போடும். ஒரே அளவில், உருண்டையாக, விரலால் நசுக்கினால் புல்தூளாக உதிரும். இரண்டு மூன்று புழுக்கை முடியால் கோத்து மாலை மாதிரி வந்தால், முடி வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. ஆனால் அதிகமாக விழுங்குகிறது, சீவுவதைக் கூட்டு என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. புழுக்கை சிறுத்து, கறுத்து, எண்ணிக்கை குறைந்தால் ஓட்டம் மந்தமாகிறது.

ஆக, முடியைக் கரைக்க மருந்து கிடையாது. நார், நீர், நடமாட்டம் மூன்றும் இருந்தால் தானாகப் போகும். கூண்டுக்கு வெளியே தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓடவிடுவதும் குடலுக்கான வைத்தியம்தான்.

சீவுவது எப்படி?

சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை போதும். கொட்டும் காலத்தில் தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம். ஒரே நாளில் அரை மணி நேரம் பிடித்து வைத்துச் சீவினால் முயல் மறுநாள் உங்களைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். முடி வருவது நின்றதும் முடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அது நிற்கவே நிற்காது. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

குளியலறையோ பால்கனியோ, எளிதில் கூட்டக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இதை மறந்தால் பத்து நிமிட வேலை ஒரு மணி நேர வேலையாகும். தும்மல், ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போடவேண்டும். தரையில் வழுக்காத துண்டை விரித்து முயலை அதன்மேல் விடுங்கள். மேசைமேல் வேண்டாம். முயலின் பின்னங்கால் தசை வலிமையானது, முதுகெலும்பு அதற்கு ஏற்ற உறுதி இல்லாதது. மிரண்டு குதித்தாலோ பிடியில் உதைத்தாலோ முதுகெலும்பு முறிந்து பின்பகுதி செயலிழந்துவிடக்கூடும்.

முதலில் கையைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, தலையிலிருந்து வால் நோக்கி நாலைந்து முறை அழுத்தித் தடவுங்கள். தளர்ந்த முடி ஈரக் கையில் திரிதிரியாகச் சுருண்டு வரும். பிறகு ஒருமுறை லேசாக எதிர்த்திசையில். பலருக்கு இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். எடுத்த முடியை அங்கேயே போடாதீர்கள், முயல் தின்றுவிடும்.

அடுத்தது, பற்கள் மழுங்கிய ரப்பர் பிரஷ். முடி படியும் திசையில் முதுகு, விலா, பிட்டம் என்று இழுக்கவேண்டும். பிட்டத்திலும் வாலடியிலும் முடி அடர்த்தி அதிகம். அங்கே மட்டும் நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பு உதவும். இடது கையால் தோலைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, சிறுசிறு பகுதியாகச் சீவுங்கள். தனியாக எழுந்து நிற்கும் கொத்துகளை விரலால் எடுக்கலாம். தொட்டதும் வந்தால் அது செத்த முடி, சற்றுத் தடுத்தால் இன்னும் உயிரோடு இருக்கிற முடி. தடுப்பதை இழுக்கவேண்டாம்.

வயிற்றைச் சீவ முயலை மல்லாத்திப் போடுவது பரவலான பழக்கம். அப்படிப் போட்டால் அது அசையாமல் கிடக்கும், சுகமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பிடிபட்ட இரை செத்தது போல உறைந்துபோகும் நிலை. ஒருவர் மடியில் உட்காரவைத்து முன்னங்கால்களைச் சற்றே தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கையால் தடவி எடுப்பது போதும். உள்ளங்கால் முடியை மட்டும் தொடவே கூடாது. முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு இருப்பது போல மெத்தைச் சதை இல்லை. அந்த முடிதான் மெத்தை, அது போனால் பாதம் புண்ணாகும்.

கடைசியாக ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஒரு கொத்தமல்லித் தண்டு கொடுத்து அனுப்புங்கள். முயல் கணக்கு வைத்துக்கொள்ளும்.

இரண்டு முயல் வளர்ப்பவர்கள் கவனிக்க ஒன்று. சேர்ந்து வாழும் முயல்கள் ஒன்றையொன்று நக்கும், ஆனால் சமமாக அல்ல. ஒன்று தலையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும், மற்றது நக்கிக்கொண்டே இருக்கும். முடி கொட்டுவது முதலாவதற்கு, விழுங்குவது இரண்டாவது. எனவே கொட்டுகிற முயலைச் சீவுங்கள், நக்குகிற முயலின் புழுக்கையைப் பாருங்கள்.

நீளமுடி முயல்கள்

கொடைக்கானல் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயண்ட் போன்றவை குட்டைமுடி இனங்கள். மேலே சொன்னது அவற்றுக்குப் போதும். அங்கோரா வேறு மாதிரி. அதன் முடி மாதம் 2 முதல் 3 சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டே போகும். இமாசலப் பிரதேசக் குளிரில் கம்பளிக்காக அதை வளர்ப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்துவிடுவார்கள். அதே இனத்தையோ கலப்பையோ மதுரை வெயிலில் செல்லமாக வாங்கினால், தினசரிச் சீவலும் முறையான கத்தரிப்பும் கட்டாயம். மின் கிளிப்பரால் 2, 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது நல்லது. அதற்கு நேரம் இல்லாதவர்கள் நீளமுடி முயலை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி என்பது எங்கள் கருத்து.

சடை பிடித்த முடியைக் கத்தரிக்கோலால் வெட்டவேண்டாம். முயலின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து கூடாரம் போல எழும்பும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. விரலால் பிரித்து, சீப்பைத் தோலுக்கும் சடைக்கும் நடுவே செருகி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கவேண்டும். அவிழாததை மருத்துவரிடம் விட்டுவிடலாம். பின்பக்கச் சடையில் சிறுநீரோ மென்புழுக்கையோ ஒட்டியிருந்தால் தள்ளிப் போடக்கூடாது. ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

செய்யக்கூடாதவை

குளிப்பாட்டுவதுதான் பெரிய தவறு. அடர்ந்த அடிமுடி காய மணிக்கணக்காகும், உடல் சூடு இறங்கும், பயத்திலேயே சில முயல்கள் அதிர்ச்சிக்குப் போய்விடும். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தலாம். டால்கம் பவுடர் நுரையீரலுக்குக் கெடுதல், தேவைப்பட்டால் சோளமாவு.

நாய்களுக்கான கூர்மையான பல் உள்ள உதிர்முடிக் கத்திகள் ஒரே இழுப்பில் மலை மலையாக முடி எடுக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அவை உயிருள்ள முடியையும் அறுக்கும், தோலையும் கீறும். கம்பிப்பல் ஸ்லிக்கர் பிரஷ்ஷும் முயல் தோலுக்கு முரடு. கோடைக்காகக் குட்டைமுடி முயலை மழித்துவிடுவதும் வேண்டாம். அதன் சூட்டை முக்கியமாக வெளியேற்றுவது காது. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் தடவினால் முடி பிசுபிசுத்துச் சடையாகும், தடவியதை எல்லாம் நக்கி உள்ளே தள்ளும்.

எது உதிர்வு, எது நோய்?

முடி போன இடத்தில் வெறும் தோல் தெரிகிறதா, அல்லது குட்டை முடி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கழுத்துப் பின்புறத்திலும் முதுகிலும் வெள்ளைப் பொடுகு மண்டினால், முடிக்குள் வாழும் மைட் என்ற நுண்பூச்சியாக இருக்கலாம். வளர்ப்பவர் கையிலும் சிவந்த தடிப்பு வரும். மூக்கு, உதடு, காது விளிம்பு, பாதம் ஆகியவற்றில் சாம்பல் நிறப் பொருக்கு கட்டினால் சொறி. நம் பக்கம் முயல்களுக்கு மிகவும் சகஜம். வட்டமாக முடி போய்ப் பொருக்குத் தட்டினால் படர்தாமரை. அதுவும் மனிதருக்குத் தொற்றும், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். தாடையும் கழுத்தும் நனைந்து முடி போனால் பல்லைப் பார்க்கவேண்டும். பெண் முயல் தன் கழுத்து மடிப்பிலும் வயிற்றிலும் முடியைப் பிய்த்து, வாயில் புல்லோடு ஓடினால், கூடு கட்டுகிறது. ஆண் முயலே வீட்டில் இல்லாவிட்டாலும் பொய்க் கர்ப்பத்தில் இப்படிச் செய்யும், இரண்டரை வாரத்தில் தானாக நின்றுவிடும்.

பூச்சிக்கு மருந்து மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பதுதான். நாய் பூனைகளுக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் உள்ளவை முயலுக்கு நஞ்சு. பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாங்கவேண்டும்.

வயதான முயலும் எடை கூடிய முயலும் தன் முதுகையும் பின்புறத்தையும் எட்டி நக்க முடியாது. அங்கே பழைய முடி திரண்டு நின்றால் உதிர்வு அதிகம் என்று எண்ணாமல் மூட்டுவலி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அவசரம் என்பது எப்போது?

பிடித்த கீரையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, மூலையில் கூனி உட்கார்ந்திருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, தட்டில் புழுக்கை இல்லை. இப்படி எட்டு மணி நேரம் போனால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பன்னிரண்டு மணி நேரம் வரை காத்திருப்பது ஆபத்து. முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். காது சில்லிட்டு, வெப்பம் 38-க்குக் கீழே போனால், துண்டில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உடனே கிளம்பவேண்டும். வயிறு திடீரென்று உப்பி, தட்டினால் மேளம் மாதிரி இருந்தால் அது நிஜ அடைப்பாக இருக்கலாம். அப்போது சிரிஞ்சில் உணவு ஊட்டினால் நிலைமை மோசமாகும். மனிதர் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள். வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் குடல் நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடும்.

பக்கத்துக் கிளினிக்கில் நாய் பூனை மட்டும் பார்ப்பார்கள் என்றால், கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன: சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. எது எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை முயல் நன்றாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கைகளை ஒரு சிறிய டப்பாவில் எடுத்துச் செல்லவேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது புழுக்கை போட்டது, எத்தனை நாளாக முடி கொட்டுகிறது என்ற மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஜோடி முயல் இருந்தால் அதையும் அதே கூடையில் வைத்துக்கொள்ளலாம். துணை பக்கத்தில் இருந்தால் நோயாளி மறுபடி சாப்பிடத் தொடங்குவது பெரும்பாலும் சீக்கிரம் நடக்கும்.